காத்துச்சட்டி

நாலாவது ஸ்குரூ ஆணி மட்டும் கழலமாட்டேன் என்று பிடிவாதமாக நின்றது.

சுஜிதன் குசினித் தரையில் சப்பாணி கட்டி இருந்து, எண்ணெய் இல்லாமல் சூட்டுக் காற்றால் பொரிக்கிற எயார் பிறையரைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். சுவருக்கு அந்தப் பக்கம், ஹோலில், அவனைப் பெற்ற கமலாசனி சவப்பெட்டிக்குள் கிடந்தாள். தலைமாட்டில் குத்துவிளக்கு எரிந்தது. சுற்றிவரப் பெண்கள் இருந்து, அழுவதும் ஓய்வதும் பிறகு யாராவது புதிதாக வந்தால் மறுபடி தொடங்குவதுமாக இருந்தார்கள். கொள்ளி வைக்க வேண்டிய ஒரே மகன் இந்த நேரத்தில் கையில் ஸ்குரூ டிரைவரோடு குசினிக்குள் இருக்கிறான் என்பது வெளியே பந்தலுக்குள் கதிரை போட்டிருந்தவர்களுக்கு இன்னும் தெரியாது. தெரிந்திருந்தால் கதை இதற்குள் புளியங்குளச் சந்திக்குப் போய்த் தேத்தண்ணியும் குடித்துவிட்டுத் திரும்பியிருக்கும்.

மனைவி பிரேமிளா வாசலில் வந்து நின்றாள்.

“மச்சாளாக்கள் வவுனியாவிலை நிக்கினமாம். மாலை வாங்கினமாம். இப்ப வெளிக்கிட்டிடுவினம்.”

“ம்.”

“இஞ்சருங்கோ, உங்களைத்தான். சின்னம்மா ரெண்டு தரம் தேடிட்டா. என்ன செய்யிறியள் எண்டு கேட்டால் நான் என்னத்தைச் சொல்ல?”

“வாறன் எண்டு சொல்லு.”

அவள் அவன் மடியில் கிடந்த பெட்டியையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“இப்ப ஆருக்கு?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

ஆருக்கு என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். அம்மாவுக்கு இல்லை. கனடாவிலிருந்து வந்துகொண்டிருக்கிற அக்கா நிசாந்தினிக்கு. அவள் வரட்டும் என்றுதான் அம்மாவை மலர்ச்சாலையில் பதப்படுத்திக் கொண்டுவந்து கிடத்தியிருக்கிறார்கள். அக்கா வருவாள், வாசலில் விழுந்து அழுவாள், ஆம்பிளைகள் சுடலையால் திரும்பியதும் தோய்ந்துவிட்டுக் குசினிக்குள் வருவாள். வந்தால் இதன் சுவிச்சைப் போடாமல் இருக்கமாட்டாள். போட்டால் முகப்பில் ஈ-ஒன்று என்ற பழுதுக் குறி சிவப்பாக எரியும். அப்போது அவள் ஒரே ஒரு கேள்வி கேட்பாள்: “அப்ப அம்மா இவ்வளவு நாளும் எதிலை பொரிச்சுச் சாப்பிட்டவா?” அந்தக் கேள்வி வருவதற்கு முன்னம் இந்தப் பெட்டி சூடாக வேண்டும். வேறொன்றும் அவன் மண்டைக்குள் இல்லை.

அம்மாவுக்கு முதல் தரம் நெஞ்சு நோ வந்தபோது டொக்டர் எண்ணெய்ச் சாமானை மறந்துவிடச் சொன்னார். கமலாசனியிடம் போய்ப் பொரியலை மறக்கச் சொல்லுவதும் ஒன்று, மூச்சை மறக்கச் சொல்லுவதும் ஒன்று. பாவக்காய்ப் பொரியல் இல்லாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. அந்த முறை வந்து நின்ற நிசாந்தினி யோசித்துப் பார்த்துக் கொழும்பில் இந்த எயார் பிறையரை வாங்கி அனுப்பினாள். அம்மா அதற்கு வைத்த பெயர் காத்துச்சட்டி. முதலில் நம்பவில்லை. “எண்ணெய் இல்லாமல் பொரியுமாம், ஆருக்குக் கதை விடுறாள்?” என்றாள். பாவக்காய்க்கு உப்பும் தூளும் பிரட்டிப் போட்டு, அது மொறுமொறுவென்று வந்ததைக் கடித்துப் பார்த்த பிறகு பெட்டிக்கு மரியாதை வந்தது. தன் கையால் துடைத்து, ஒரு துவாய் போட்டு மூடி வைப்பாள். அதற்குள் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் போடக்கூடாது என்பது சட்டம்.

அந்தச் சட்டத்தை உடைத்தவன் சுஜிதன். போன கந்தசட்டி. அம்மா விரதம், கோயிலில் நின்றாள். பிரேமிளா தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். கூட்டாளிமார் மட்ச் பார்க்க வந்தார்கள், கையில் கோழியும் இருந்தது. கழுவி வைத்தால் ஆருக்குத் தெரியப்போகிறது என்று அவன் நினைத்தான். கோயிலால் வந்த அம்மா வாசலில் நின்று மணத்தைப் பிடித்தாள், பிறகு நேரே கிணற்றடிக்குப் போனாள். அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ பெட்டி ஈ-ஒன்று காட்டத் தொடங்கியது.

அவன் கத்தினான். என்ன கத்து! “என்னத்தைப் போட்டு நோண்டினியள்? ஒரு நல்ல சாமானை ஒழுங்கா வைச்சிருக்கத் தெரியாதே? சென்சர் பழுதாப் போட்டுது. இனி உதுக்குச் சாமான் கொழும்பாலைதான் வரவேணும்.” அம்மா மூடியிருந்த துவாயை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்றைக்கே அடுப்பில் பொரிக்கிற எண்ணெய்த் தாச்சி ஏறியது.

சாமான் கொழும்பால் வரவில்லை. அவன் சொல்லி அனுப்பினால்தானே வரும்? புளியங்குளச் சந்தியில் அவன் வைத்திருக்கிற கடை திருத்து வேலைக் கடை. ஊரிலுள்ள மின்விசிறி, கிரைண்டர், ரைஸ் குக்கர் எல்லாம் அவன் கையால்தான் எழும்பி ஓடின. தன் வீட்டுப் பெட்டியைத் திறந்து பார்க்க மட்டும் அவனுக்கு நேரம் வரவில்லை. நாளைக்கு, ஞாயிற்றுக்கிழமை, திருவிழா முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே போனான். அம்மாவும் ஒரு தரம் கேட்டாள், பிறகு கேட்கவில்லை. ஞாயிறு பின்னேரங்களில் அக்கா போன் எடுக்கும்போது மட்டும், அடுப்பில் எண்ணெய் இரைகிற சத்தம் கேட்காமல் போனைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போவாள். “ஓம் பிள்ளை, அதிலைதான் எல்லாம். எண்ணெய் ஒரு சொட்டும் இல்லை.” அதைச் சுஜிதன் தன் காதால் கேட்டிருக்கிறான். அக்காவின் பேச்சுக்குப் பயந்து சொல்லுகிறா என்று நினைத்துக்கொண்டான். அப்படி நினைப்பது அவனுக்கும் வசதியாக இருந்தது.

முந்தநாள் விடிய, சாமிக்குப் பூப் பிடுங்கப் போன இடத்தில், செவ்வரத்தை மரத்தடியில் அம்மா விழுந்து கிடந்தாள்.

ஸ்குரூ ஆணி ஒருவழியாகக் கழன்றது. மூடியைத் தூக்கினான். உள்ளே விசிறி, அதன் கீழே சுருள், சுருளுக்குப் பக்கத்தில் இரண்டு வயர் நுனியில் அரிசிமணி அளவில் ஒரு கண்ணாடி மணி. அதுதான் சென்சர். சூட்டைப் பார்த்துச் சொல்லுகிற வேலை அதற்கு. அது சொல்லுவது போர்டுக்குப் போய்ச் சேராவிட்டால் பெட்டி பயந்து நின்றுவிடும், ஈ-ஒன்று காட்டும். இந்த அளவு அவனுக்கு நித்திரையிலும் தெரியும்.

போர்டிலிருந்து வயரைக் கழற்றி மீற்றரைப் பிடித்தான். மணி செத்திருந்தால் மீற்றரில் ஒன்றும் வராது. வந்தது. மணியை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்தான். அவன் கைச் சூட்டுக்கு மீற்றரில் இலக்கம் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டு போனது. விட்டான், ஏறியது. பிடித்தான், இறங்கியது. சென்சரில் ஒரு குறையும் இல்லை. காலையில் அம்மாவின் கைக்குள் வெற்றிலை வைக்கும்போது பட்ட குளிர் விரலில் இன்னும் இருக்கிற மாதிரி இருந்தது. அவன் மணியைப் பட்டென்று விட்டுவிட்டான்.

திறந்தே பார்க்காமல் சென்சர் போட்டுது என்று தீர்ப்புச் சொன்னவன் அவன்தான். புதுச் சாமான் தேவையே இல்லாத பழுது இது.

அப்படியென்றால் பிழை வயர் செருகுகிற வெள்ளைச் சொக்கற்றில். இழுத்துப் பார்த்தான். பித்தளைக் கால் இரண்டும் பச்சை பிடித்துப் பொருக்காகிக் கிடந்தன. தண்ணீர் பட்டிருக்கிறது. எப்படி? லைற்றை அடித்துப் பார்த்தான். மேலே காற்றுப் போகிற கீறல்களிலிருந்து ஒரு கோடு உள்பக்கமாக வழிந்து வந்து சொக்கற்றடியில் காய்ந்திருந்தது. மஞ்சள் நிறம். விரலால் தொட்டு மணந்து பார்த்தான், மஞ்சளேதான். கீறலுக்குள்ளால் விழுந்த வேப்பிலை ஒன்று விசிறிக்குப் பக்கத்தில் கருகிச் சுருண்டு கிடந்தது.

“பிரேமி!”

அவள் வந்தாள். அவன் வேப்பிலையை உள்ளங்கையில் வைத்துக் காட்டினான்.

“இது எப்பிடி இதுக்கை?”

பிரேமிளா ஹோல் பக்கம் எட்டிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

“கந்தசட்டிக்கை கோழி போட்டனீங்கள் எல்லே. நான் அம்மா வீட்டாலை வந்த அண்டைக்கு மாமி குசினி முழுக்கக் கழுவிக்கொண்டு நிண்டவா. மஞ்சள் தண்ணி தெளிச்சவா. உதுக்கும் தெளிச்சிருப்பா.”

“நீ ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“நீங்கள் கேட்டனீங்களே? நீங்கள் கத்தினனீங்கள்.”

அம்மாவும் அன்றைக்கு இதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் தெளித்தாள் என்றும் சொல்ல வேண்டி வந்திருக்கும். மகன் விரத நாளில் செய்த வேலையை மகனின் முகத்துக்கு நேரே எடுத்துச் சொல்லுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. அதற்குப் பதிலாகப் பேச்சை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

“பிரேமி, அந்த எண்ணெயாலைதான் அம்மா...”

“விசர்க்கதை கதைக்காதேங்கோ. எண்ணெயாலை எண்டு டொக்டர் சொன்னவரே?”

“இல்லை.”

“அப்ப?”

“இல்லையெண்டும் சொல்லேல்லையே.”

பிரேமிளா அடுப்படிக்குப் போனாள். அங்கே, விழுவதற்கு முதல் நாள் இரவு அம்மா இறக்கி வைத்தபடியே தாச்சி இருந்தது, அடியில் எண்ணெயோடு. அதைத் துணியால் பிடித்துத் தூக்கிப் பின்வாசலால் கொண்டுபோய், விறகுக்குப் பின்னால் வைத்துச் சாக்கால் மூடிவிட்டு வந்தாள். அவனைப் பார்க்காமலே, “மச்சாள் காணாமல் இருக்கட்டும்” என்றாள்.

பித்தளைக் காலைத் துடைக்க ஸ்பிரிட் வேண்டும். கடைக்குப் போக நேரமில்லை. சுஜிதன் எழும்பி ஹோலுக்குள் போனான். பெண்கள் விலகி வழி விட்டார்கள், பிள்ளை தாயைப் பார்க்க வருகிறான் என்று ஒரு பெண் ஒப்பாரியை உரக்கத் தூக்கினாள். அவன் குனிந்து, அம்மாவின் தலைமாட்டில் தெளிக்க வைத்திருந்த, ஸ்பிரிட் கலந்த ஓடிக்கொலோன் வாசனைப் போத்தலை எடுத்தான். அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கவேண்டும் என்றுதான் நினைத்தான், கண் போகவில்லை. போத்தலை வேட்டி மடிப்புக்குள் மறைத்துக்கொண்டு திரும்பியபோது அவனுக்குத் தன்னை நினைக்கவே அருவருப்பாக இருந்தது.

பஞ்சில் ஓடிக்கொலோனை ஊற்றித் தேய்த்தான். பச்சை கழன்றது, மஞ்சள் கழன்றது. அரத்தாளால் இரண்டு இழுவை. பித்தளை பளிச்சென்று வந்தது. குறடால் மெல்ல நெரித்து இறுக்கிச் சொக்கற்றைச் செருகினான். கடையில் தேத்தண்ணி ஆறுவதற்குள் முடித்துக் கொடுக்கிற வேலை. இதைத்தான் போன கந்தசட்டியிலிருந்து செய்யாமல் வைத்திருந்தான்.

வெளியே பிரேமிளாவின் போன் அடித்தது. “ஓமந்தை தாண்டிட்டினமாம்!” என்று யாரோ பந்தலுக்குள் சத்தமாகச் சொன்னார்கள். ஹோலில் அழுகை கூடியது.

பிளக்கைச் செருகினான். சுவிச்சைப் போட்டான். ஈ-ஒன்று வரவில்லை. விசிறி சுற்றத் தொடங்கியது, சுருள் சிவந்தது. சூடு ஏறியதும் டக்கென்று தானாக விட்டது, பிறகு தானாகப் பிடித்தது. சரி, வேலை செய்கிறது. அவனுக்குச் சந்தோசம்கூட வந்தது, அந்த ஒரு நொடி. அதற்குள் உள்ளே ஒட்டியிருந்த மஞ்சளும் ஓடிக்கொலோனும் சேர்ந்து சூடாகி, செத்தவீட்டு மணம் முழுவதையும் அந்தப் பெட்டி குசினிக்குள் ஊதித் தள்ளியது.

“ஆரடா அடுப்பு மூட்டினது?”

நேசமலர். அம்மாவின் தங்கை, அவனுக்குச் சின்னம்மா. செத்தவீட்டு முறையெல்லாம் அவாவின் வாயில்தான்.

“அடுப்பில்லைச் சின்னம்மா. இது கரண்ட்.”

“சூடு வருதெல்லே? சூடு வந்தால் அது நெருப்புத்தான். பிரேதம் கிடக்கிற வீட்டிலை அடுப்புப் பத்த வைக்கிற சாதியே நாங்கள்? என்ன செய்யிறாய் நீ?”

“வேலை செய்யுதோ எண்டு சோதிச்சுப் பாக்கிறன்.”

“சோதினை! கொம்மாவைப் பெட்டிக்கை வைச்சுக்கொண்டு உனக்குச் சோதினை கேக்குதோ? எழும்பு. நிப்பாட்டடா அதை!”

அவன் பிளக்கை இழுத்தான். படலையடியில் வான் வந்து நின்ற சத்தம் கேட்டது. கதவு திறக்க முதலே அக்காவின் குரல் கேட்டது. “அம்மோய்!” என்று அவள் கூப்பிட்ட கூப்பிடு, பந்தலுக்குள் இருந்த ஆம்பிளைகளையும் எழும்பி நிற்க வைத்தது.

பிறகு நடந்ததெல்லாம் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஐயர் வந்தார், வாய்க்கரிசி போட்டார்கள், பெட்டி மூடும்போது நிசாந்தினியை நாலு பேர் பிடித்தார்கள். சுஜிதன் குடம் தோளில் வைத்து மூன்று சுற்றுச் சுற்றினான். கொள்ளியைப் பின்பக்கமாக வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தான். முகத்தைத் துடைக்கக் கையைக் கொண்டு போனபோது விரலில் இன்னும் ஓடிக்கொலோன் மணத்தது.

சுடலையால் வந்து தோய்ந்து, வீடு கழுவி, அம்மா கிடந்த இடத்தில் விளக்கு வைத்தாயிற்று. அயல் வீட்டுக்காரர் கொண்டுவந்த சோற்றைச் சனம் சாப்பிட்டுவிட்டுக் கலைந்தது. பொழுது படவில்லை. நிசாந்தினி ஒரு வாயும் வைக்கவில்லை. கொல்லைக் கொடியில் பாவக்காய் தொங்குவதைக் கண்டு இரண்டைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள்.

“விளக்கடியிலை வைப்பம் சின்னம்மா. அவாக்கு விருப்பமெல்லே.”

“எட்டாம் நாள் சடங்கு முடியாமல் அடுப்பிலை பொரிக்கேலாது பிள்ளை.”

“இது அடுப்பில்லைத்தானே சின்னம்மா. வெறும் காத்து.”

நேசமலர் கனடாக்காரியின் வீங்கிய முகத்தைப் பார்த்தாள். “ஓம், அதுதானே. காத்துத்தானே. செய் பிள்ளை” என்றாள். காலையில் நெருப்பாக இருந்தது பின்னேரம் காற்றாகிவிட்டது. சுஜிதனுக்கு வேறொரு நாளென்றால் சிரிப்பு வந்திருக்கும்.

நிசாந்தினி பாவக்காயை மெல்லிசாக வெட்டி, உப்பும் தூளும் பிரட்டிப் பெட்டிக்குள் போட்டாள். சுவிச்சைப் போட்டாள். பெட்டி இரைந்தது. அவள் அதன் தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

“தம்பி, உனக்கொண்டு சொல்லவேணும். அம்மா சொல்லாதை எண்டவா. இனி என்ன, சொல்லலாம்தானே.”

அவன் குசினி வாசலில் நின்றான். பிரேமிளா தேத்தண்ணிக் கோப்பை கழுவிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

“போன கந்தசட்டிக்கை இது நிண்டதெல்லே. அம்மாதான் மஞ்சள் தண்ணி தெளிச்சவாவாம். ‘மச்சம் பட்டுட்டுது பிள்ளை, நான் ஒரு விசரி, இதுக்குப் போய் மஞ்சள் தண்ணி தெளிச்சுப்போட்டன்’ எண்டு சொல்லிச் சிரிச்சவா. ‘தம்பிக்குச் சொல்லிப்போடாதை, தான் கோழி போட்டதாலைதான் எண்டு மனவருத்தப்படுவான்’ எண்டவா.” நிசாந்தினி மூக்கைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். “நான் பதறிப்போனன், அப்ப எதிலையம்மா சமைக்கிறியள் எண்டு. ‘அவன் அண்டைக்கே கழட்டித் திருத்தித் தந்திட்டான் பிள்ளை. பாவம், கடையிலையும் வேலை, வீட்டிலையும் வேலை’ எண்டு சொன்னவா. ஒவ்வொரு ஞாயிறும் சொல்லுவா, தம்பி திருத்தினாப் போலை இது முந்தியிலும் நல்லா வேலை செய்யுதெண்டு.”

பெட்டி டக்கென்று விட்டது, பிறகு பிடித்தது.

அக்காவின் பேச்சுக்குப் பயந்த பொய் இல்லை அது. அவனுக்காகச் சொன்ன பொய். அவன் கேட்டுக்கொண்டு நின்ற அந்த ஞாயிறுகளிலும், எண்ணெய் அடுப்பில் இரைய இரைய, முற்றத்தில் நின்று அவனைப் பற்றி நல்லது சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது.

“நீ பக்கத்திலை இருந்தபடியாத்தான் நான் அங்கை நிம்மதியா இருந்தனான்” என்றாள் நிசாந்தினி. “என்னாலை காசுதான் அனுப்பலாம். பாத்தது நீதானே.”

“ஓம்” என்று சொன்னால் போதும். பேசாமல் நின்றாலும் போதும். அம்மா எல்லாம் சரிப்படுத்தி வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறாள். பிரேமிளா அவனைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினாள், விடுங்கோ என்கிற மாதிரி.

“பிரேமிளா, அம்மான்ரை தாச்சி எங்கை?” நிசாந்தினி அடுப்படியைச் சுற்றிப் பார்த்தாள். “எல்லா இடப்பெயர்வுக்கும் தூக்கிக்கொண்டு திரிஞ்ச தாச்சியெல்லே. அதை நான் கொண்டுபோகட்டே? கனநாளா அவா அதைத் தொடேல்லைத்தானே.”

“அது... பின்னுக்கு எங்கையோ போட்டுக் கிடக்கும் மச்சாள். நான் நாளைக்குத் தேடி, மினுக்கித் தாறன்.”

“இல்லை, நான் எடுத்துக்கொண்டு வாறன்” என்றான் சுஜிதன்.

பிரேமிளா நிமிர்ந்தாள். அவன் பின்வாசலால் இறங்கிப் போனான்.

சாக்கை விலக்கினான். அடியில் எண்ணெய் தெளிந்து கிடந்தது. பாவக்காய் வளையம் ஒன்று கறுத்து, எண்ணெய்க்குள் ஒரு பக்கமாகச் சரிந்து ஒட்டியிருந்தது. கிணற்றடி பத்தடியில்தான். ஊற்றிவிட்டுச் சாம்பல் போட்டு நாலு தேய்ப்புத் தேய்த்தால் தாச்சி ஒன்றும் பேசாது. அவன் இரண்டு கையாலும் அதைத் தூக்கிக் கிணற்றுப் பக்கம் கொஞ்சத் தூரம் போனான். நின்றான். பிறகு திரும்பி, எண்ணெய் சிந்திவிடாமல் மெல்ல மெல்ல நடந்து, படியேறிக் குசினிக்குள் வந்தான்.

மேசையில், பெட்டிக்குப் பக்கத்தில் தாச்சியை வைத்தான்.

நிசாந்தினி ஆசையோடு காதைப் பிடிக்கக் கை நீட்டினாள். பிறகு உள்ளே பார்த்தாள். விரலை எண்ணெயில் தொட்டாள், மணந்து பார்த்தாள், பாவக்காய் வளையத்தைப் பார்த்தாள். தம்பியை நிமிர்ந்து பார்த்தாள். அவன் தலை குனியவில்லை.

பெட்டி நேரத்துக்கு மணி அடித்து நின்றது. விசிறி ஓய்ந்தது. பாவக்காய் மணம் குசினி முழுக்க வந்தது.

“என்ன பிள்ளை, சரியே?” என்று விளக்கடியிலிருந்து நேசமலர் கேட்டாள். “வெந்திட்டுதெண்டால் எடுத்துக்கொண்டு வாங்கோவன்.”

ஒருவரும் அதைத் திறக்கவில்லை.